ஆல்ஃபிரட் ஷ்ரப்: பத்து மைல் மன்னருக்கு ஒலிம்பிக் பதக்கம் ஏன் இல்லை?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. ஆல்ஃபிரட் ஷ்ரப்பை 1900களின் தொடக்கத்தில் உலகின் தலைசிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர் என்கிறார்கள். அப்படியானால் அவருக்கு ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட இல்லாதது ஏன்? இரண்டாவது, கனடாவின் டாம் லாங்போட்டிடம் மாரத்தானில் தோற்ற ஒருவரை எப்படித் தலைசிறந்தவர் என்று சொல்வது?

இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஷ்ரப்புக்கு உரிய தூரம் இரண்டு மைலில் தொடங்கிப் பத்து மைல் சுமாரில் முடிகிறது. அந்த எல்லைக்குள் அவருடைய காலத்தில் அவருக்கு இணையே இல்லை. ஆனால் அந்தத் தூரங்களுக்கு அவர் உச்சத்தில் இருந்த வருடத்தில் ஒலிம்பிக்கில் பந்தயமே இல்லை. பந்தயம் வந்தபோது அவர் ஆயுள் தடையில் இருந்தார். அதற்கும் பிறகு கூட்டமும் பணமும் மாரத்தான் பக்கம் போய்விட்டன, அவரும் அங்கே போய் ஓட வேண்டியதாயிற்று. அவருடைய பெயர் இன்று மங்கிப்போனதற்கு இதுதான் காரணம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷ்ரப் 1879 டிசம்பரில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஹார்ஷம் நகருக்குப் பக்கத்திலுள்ள ஸ்லின்ஃபோல்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். கட்டட வேலை பார்த்தவர். ஓட்டத்துக்கு வந்த கதையைப் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்: ஒரு ராத்திரி சில மைல் தள்ளியிருக்கும் சவுத்வாட்டரில் தீப்பிடித்திருப்பது தெரிந்து, வேலை உடுப்போடு அப்படியே ஓடினார். ஹார்ஷமிலிருந்து குதிரை பூட்டிய தீயணைப்பு வண்டியும் அங்கே போய்க்கொண்டிருந்தது. உள்ளூர் ஓட்டக் கிளப்பான ஹார்ஷம் புளூ ஸ்டார் ஹாரியர்ஸின் தலைவரும் அந்த வண்டியோடு ஓடியிருக்கிறார். பயிற்சியே இல்லாத இந்தப் பையன் ஓடும் வேகத்தைப் பார்த்து அசந்துபோய், கிளப்பில் சேரச் சொன்னார். காலப்போக்கில் கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு தொழிலாளி ஓட்டத்துக்குள் நுழைந்தது இப்படிப்பட்ட ஊர்க் கிளப்புகள் வழியாகத்தான். குளிர்காலத்தில் வயல், வேலி, ஓடை, சேறு என்று எல்லாவற்றையும் தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரிதான் அவற்றின் உயிர். பின்னால் சவுத் லண்டன் ஹாரியர்ஸ் கிளப்பிலும் சேர்ந்தார்.

ஆள் சிறிய உருவம். உயரம் ஐந்தரை அடிக்குச் சற்று மேல், எடை 54 கிலோ அளவு. பத்திரிகைகள் அவரை 'லிட்டில் வொண்டர்' என்று எழுதின.

1901 முதல் 1904 வரை அவர் சேர்த்த வெற்றிகளைப் பார்த்தால் அப்போது இங்கிலாந்தில் வேறு யாரும் நெடுந்தூரம் ஓடினார்களா என்றே சந்தேகம் வரும். இங்கிலாந்தின் தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம் தொடர்ந்து நான்கு முறை. அமெச்சூர் தடகளச் சங்கத்தின் நான்கு மைல் பட்டம் தொடர்ந்து நான்கு முறை. பத்து மைல் பட்டமும் அதேபோல் நான்கு முறை. போதாததற்கு 1903, 1904 இரண்டு வருடமும் ஒரு மைல் பட்டம். ஒரு மைலையும் பத்து மைலையும் ஒரே வருடத்தில் வெல்வது எவ்வளவு அரிது என்று ஓடியவர்களுக்குத் தெரியும். 1903 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் முதல் சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று நான்கே அணிகள். பிரான்ஸ் வந்து சேர்ந்தது 1907இல்தான். அந்த முதல் போட்டியை வென்றவர் ஷ்ரப். அடுத்த வருடம் ஹேடாக் பார்க்கில் நடந்ததையும் அவரே வென்றார்.

இவ்வளவையும் எப்படிச் சாதித்தார்? அவருக்கு முந்தைய தலைமுறையில் பலரும் வாரத்தில் சில நாள் மட்டும் ஓடி, மீதி நாளில் நீண்ட நடை போனார்கள். ஷ்ரப் பெரும்பாலும் ஒரே நாளில் இரண்டு முறை ஓடினார். காலையில் நிதானமாகச் சில மைல், மாலையில் வேகமாக, நடுநடுவே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கிட்டத்தட்டப் பந்தய வேகத்திலேயே முழுத்தூரச் சோதனை ஓட்டம். தான் பழகிய முறையை எழுதி 1908இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டார். இன்றைய பயிற்சியாளர் ஒருவர் அதைப் படித்தால் சில இடங்களில் சிரமப்பட்டாலும், அடிப்படை யோசனையை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

பந்தயத்தில் அவருக்கு இன்னொரு ஆயுதம் இருந்தது. ஒரே சீராக ஓட மாட்டார். தொடக்கத்திலேயே வேகமாகப் போவார், கொஞ்சம் தளர்த்துவார், பின்னால் வருபவர் மூச்சு வாங்கிப் பக்கத்தில் வந்து சேரும் நேரத்தில் மறுபடி ஒரு பாய்ச்சல். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் எதிராளியின் கால் தளரும் முன்பே மனசு தளர்ந்துவிடும். இந்த உத்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் அவரை ஜெயிக்கவும் வைத்தது, பின்னால் மாரத்தானில் கவிழ்க்கவும் செய்தது.

சரி, 1904க்கு வருவோம். அந்த வருடம் மே மாதம் ஐந்து மைலை 24 நிமிடம் 33.4 விநாடியில் ஓடினார். ஜூனில் கிளாஸ்கோவில் இரண்டு மைல் 9 நிமிடம் 9.6 விநாடி. அதே நாட்களில் நான்கு மைல் 19 நிமிடம் 23.4 விநாடி. எல்லாமே புதிய சாதனைகள். இரண்டு மைலில் முன்பிருந்த அமெச்சூர் சாதனை, 1884இல் வால்டர் ஜார்ஜ் ஓடிய 9 நிமிடம் 17.4 விநாடி. இருபது வருடம் யாரும் தொடாத நேரத்தை ஷ்ரப் ஒரேயடியாக எட்டு விநாடி குறைத்தார்.

அப்புறம் 1904 நவம்பர் 5, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் பார்க். ரேஞ்சர்ஸ் கால்பந்து கிளப்பின் மைதானம். அன்று நடந்தது ஒரு மணி நேர ஓட்டம், அதுவும் மற்றவர்களுக்கு முன்கூட்டியே இடைவெளி கொடுத்து, ஷ்ரப்பை எல்லாருக்கும் பின்னால் நிறுத்தித் தொடங்கிய பந்தயம். துரத்திப் பிடிக்க முன்னால் எப்போதும் யாராவது இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

அந்த ஒரு மணி நேரத்தில் அவர் ஓடியது 11 மைல் 1137 கெஜம், அதாவது 18,742 மீட்டர். வழியில் ஆறு மைல் முதல் பதினொரு மைல் வரை எல்லா அமெச்சூர் சாதனைகளும் உடைந்தன. எட்டு மைல் முதல் பதினொரு மைல் வரை தொழில்முறை ஓட்டக்காரர்களின் சாதனைகளும் சேர்ந்து உடைந்தன. இந்த இரண்டாவது தகவலைப் பலர் எழுதிவிட்டு அப்படியே கடந்துபோகிறார்கள். அதை நின்று பார்க்க வேண்டும்.

அன்று சாதனைப் பட்டியல் இரண்டு இருந்தது. காசு வாங்காமல் ஓடும் அமெச்சூர்களுக்கு ஒன்று, பந்தயப் பணத்துக்கு ஓடும் தொழில்முறைக்காரர்களுக்கு ஒன்று. நெடுந்தூரத்தில் இரண்டாவது பட்டியல்தான் பெரும்பாலும் வேகமானது. 1863இல் ஜாக் வைட் என்பவர் ஆறு மைலை 29 நிமிடம் 50 விநாடியில் ஓடியிருந்தார். ஷ்ரப் ஐப்ராக்ஸில் ஆறு மைலைக் கடந்தது 29 நிமிடம் 59.4 விநாடியில். நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகும் வைட்டை எட்ட முடியவில்லை. அதனால்தான் தொழில்முறைச் சாதனைகள் எட்டாவது மைலிலிருந்துதான் அவர் கைக்கு வந்தன. ஆனால் பத்து மைலில் அவர் நேரம் 50 நிமிடம் 40.6 விநாடி. தொழில்முறையில் வில்லியம் கம்மிங்ஸ் 1885இல் ஓடியிருந்தது 51 நிமிடம் 6 விநாடிச் சுமார். அமெச்சூரில் ஜார்ஜின் சாதனை 51 நிமிடம் 20 விநாடி. இரண்டு உலகத்தையும் ஒரே ஓட்டத்தில் பின்னுக்குத் தள்ளிவிட்டார்.

இப்போது அந்த ஓட்டத்தைத் துண்டு துண்டாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் ஆறு மைல் சராசரியாக மைலுக்கு 5 நிமிடம். அடுத்த நான்கு மைல், மைலுக்கு ஏறத்தாழ 5 நிமிடம் 10 விநாடி. பத்து மைல் தாண்டிய பிறகு மிச்சமிருந்த ஒன்பதேகால் நிமிடத்தில் அவர் ஓடியது ஒரு மைல் 1137 கெஜம்தான். அதாவது மைலுக்கு 5 நிமிடம் 40 விநாடிச் சுமார். வேகம் அப்படியே சரிந்திருக்கிறது. பத்து மைல் சாதனை கைக்கு வந்ததும் தளர்ந்தார் என்று ஒரு பங்கு சொல்லலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கான தொழில்முறைச் சாதனை, ஹாரி வாட்கின்ஸ் 1899இல் ராச்டேலில் ஓடிய 11 மைல் 1286 கெஜம், அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 149 கெஜத்தில் அது தவறிப்போனது. விட்டுக்கொடுக்கும் குணம் உள்ளவர் இல்லை ஷ்ரப். கால்களில் மிச்சம் இருந்திருந்தால் அதையும் எடுத்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். அவருடைய எல்லை எங்கே முடிகிறது என்பது, வாழ்க்கையின் மிகப் பெரிய நாளிலேயே பதிவாகியிருக்கிறது. பின்னால் நியூயார்க்கில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு போதும்.

அதே 1904இல்தான் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஒலிம்பிக் நடந்தது. பிரிட்டன் முறையான அணி எதையும் அனுப்பவில்லை. அயர்லாந்துக்காரர்கள் சிலர் போனார்கள், அவ்வளவுதான். ஷ்ரப் போகவில்லை. போயிருந்தாலும் அங்கே அவருக்கு என்ன இருந்தது? ஏறத்தாழ 2,590 மீட்டர் தடைதாண்டு ஓட்டம் ஒன்று, அமெரிக்க கிளப்புகள் இரண்டு மட்டும் மோதிய நான்கு மைல் அணிப் போட்டி ஒன்று, அதற்கு மேல் நேராக மாரத்தான். 5,000 மீட்டர், 10,000 மீட்டர் தனிநபர் ஓட்டங்கள் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1912இல்தான்.

இந்த இடத்தில் ஒரு ஒப்பீடு. ஐப்ராக்ஸ் ஓட்டத்தில் ஷ்ரப் 10,000 மீட்டரைக் கடந்த நேரமாகப் பதிவுகள் தருவது 31 நிமிடம் 2.4 விநாடி. 1912இல் ஸ்டாக்ஹோமில் ஹன்னெஸ் கோலெமைனென் தங்கம் வாங்கிய நேரம் 31 நிமிடம் 20.8 விநாடி. 1920இல் ஆன்ட்வெர்ப்பில் பாவோ நூர்மி தங்கம் வாங்கியது 31 நிமிடம் 45.8 விநாடி. இரண்டு ஒலிம்பிக் தங்கங்களையும் விட வேகமான நேரத்தை, இன்னும் ஐந்தேகால் மைலுக்கு மேல் ஓட வேண்டிய ஒரு ஓட்டத்தின் நடுவில் ஷ்ரப் ஓடியிருக்கிறார். பந்தயத்தில் ஜெயிப்பதற்கு ஓடுவதும் கடிகாரத்துக்காக ஓடுவதும் வேறு வேறு என்பது உண்மைதான். கோலெமைனெனும் நூர்மியும் தேவைப்பட்டிருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பார்கள். இருந்தாலும் ஷ்ரப் எந்த உயரத்தில் நின்றார் என்பதற்கு இதைவிடத் தெளிவான அளவு கிடையாது.

அடுத்து தடை விவகாரம்.

1905இல் அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுற்றுப்பயணம் போய்வந்தார். அந்த வருடமே அமெச்சூர் தடகளச் சங்கம் அவருக்கு ஆயுள் தடை விதித்தது. குற்றச்சாட்டு, ஓடுவதற்குப் பணம் வாங்கினார் என்பது.

பணம் வாங்கினாரா? வாங்கியிருப்பார். அதை மறுத்து அவரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. ஆனால் அந்த விதியின் பின்னணியைப் பார்க்க வேண்டும். 1866இல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் அத்லெட்டிக் கிளப், கைத்தொழிலாளர்களையும் கூலித் தொழிலாளர்களையும் அமெச்சூர் என்ற வரையறைக்குள்ளேயே சேர்க்கவில்லை. காசு வாங்காவிட்டாலும், உடல் உழைப்பால் பிழைப்பவர் என்றால் வெளியே. 1880இல் தடகளச் சங்கம் உருவானபோதுதான் அந்த வர்க்கத் தடை போனது. அது போகாமல் இருந்திருந்தால் ஸ்லின்ஃபோல்ட் கட்டடத் தொழிலாளி ஒருவர் இங்கிலாந்து சாம்பியனாகியிருக்கவே முடியாது. ஆனால் கதவைத் திறந்தவர்கள் சம்பளம் என்ற பேச்சை மட்டும் உள்ளே விடவில்லை. தொழிலாளி ஓடலாம், ஓடுவதற்காக வேலையை விட்டு வந்த நாளின் கூலி அவருக்குக் கிடைக்காது. பரிசாகக் கடிகாரமும் வெள்ளிக் கோப்பையும் கொடுப்பார்கள். டிக்கெட் வசூல் ஏற்பாட்டாளருக்கு. ஷ்ரப் ஓடுகிறார் என்று சுவரொட்டி ஒட்டினால் கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், 'பயணச் செலவு' என்ற பெயரில் கையில் ஏதாவது கொடுத்து அழைப்பது வழக்கமாகியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியால் எந்தக் கஷ்டமும் இல்லை. கஷ்டப்பட்டவர்கள் ஷ்ரப் மாதிரியானவர்கள்தான். அவருக்கு முன்னால் வால்டர் ஜார்ஜும் அமெச்சூர் புகழை விட்டுத் தொழில்முறைக்குப் போனவர். அவருக்குப் பின்னால் நூர்மியையும் 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் இதே காரணத்தைச் சொல்லி நிறுத்தினார்கள். மூன்று தலைமுறையின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் மூன்று பேரும் ஒரே விதியில் சிக்கியிருக்கிறார்கள் என்றால், கோளாறு விதியில்தான் இருந்தது என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

தடையின் விலை சீக்கிரமே தெரிந்தது. 1906இல் ஏதென்ஸில் நடந்த இடைக்கால ஒலிம்பிக்கில் ஐந்து மைல் ஓட்டம் வைத்தார்கள். வென்றவர் பிரிட்டனின் ஹென்றி ஹாட்ரி, 26 நிமிடம் 11.8 விநாடி. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலும் ஐந்து மைல். வென்றவர் மீண்டும் பிரிட்டன்காரர், எமில் வோய்ட், 25 நிமிடம் 11.2 விநாடி. ஷ்ரப்பின் 1904 நேரம் 24 நிமிடம் 33.4 விநாடி என்று மேலே சொன்னேன். ஏதென்ஸ் மைதானத்தின் வளைவுகள் ஓடுவதற்கு மிகவும் கடினமானவை. நேரத்தை நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது ஹாட்ரிக்கு நியாயமில்லை. வோய்ட்டும் நல்ல ஓட்டக்காரர். ஆனாலும் 1908இல் 28 வயது ஷ்ரப், தன் சொந்த நாட்டில், தன் சொந்தத் தூரத்தில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் ஓட முடியாமல் வெளியே நின்றார் என்பதுதான் உங்கள் முதல் கேள்விக்கான முழுப் பதில்.

தடைக்குப் பிறகு தொழில்முறை ஓட்டம்தான் வழி. அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் காசுக்கு ஓடினார். குதிரைகளோடு ஓடினார். ஒருவர் மாற்றி ஒருவராக ஓடும் ரிலே அணியைத் தான் ஒருவராகவே எதிர்த்து ஓடினார். இதைச் சர்க்கஸ் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமமான எதிராளி கிடைக்காத ஒருவரை வைத்துக் கூட்டம் சேர்க்க ஏற்பாட்டாளர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அவருக்கும் குடும்பம் நடக்க வேண்டும்.

அப்போதுதான் மாரத்தான் பைத்தியம் பிடித்தது. 1908 லண்டன் ஒலிம்பிக் மாரத்தானில் இத்தாலியின் டொராண்டோ பியட்ரி கடைசி மீட்டர்களில் விழுந்து விழுந்து எழுந்து, பிறர் கைத்தாங்கலில் கோட்டைக் கடந்து, அதனாலேயே தகுதி இழந்தார். தங்கம் அமெரிக்காவின் ஜானி ஹேஸுக்குப் போனது. அந்தக் காட்சியைப் பற்றிப் படித்த அமெரிக்கா, இவர்கள் இருவரையும் மறுபடி மோதவிட்டுப் பார்க்க ஆசைப்பட்டது. நவம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்துக்குள் இருவரும் முழு மாரத்தான் ஓடினார்கள், டொராண்டோ வென்றார். ஒரு மைலுக்குப் பத்துச் சுற்று. மாரத்தான் என்றால் இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்ட சுற்றுகள். சுருட்டுப் புகை நிறைந்த மண்டபத்தில், பந்தயம் கட்டியவர்களின் கூச்சலுக்கு நடுவில் அதை ஓட வேண்டும். டிசம்பரில் டொராண்டோவை டாம் லாங்போட் அங்கேயே தோற்கடித்தார்.

லாங்போட் ஒனொண்டாகா பழங்குடியைச் சேர்ந்தவர், கனடாவின் ஒன்டாரியோவில் பிறந்தவர், 1907 பாஸ்டன் மாரத்தான் வெற்றியாளர். அவருக்கும் ஷ்ரப்புக்கும் 1909 பிப்ரவரி 5 அன்று அதே அரங்கத்தில் மாரத்தான் குறிக்கப்பட்டது.

ஷ்ரப் தன் வழக்கப்படியே ஓடினார். தொடக்கத்திலிருந்தே பாய்ச்சல். ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று லாங்போட்டைத் தாண்டிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் எட்டுச் சுற்று முன்னிலை. ஏறக்குறைய முக்கால் மைல். பத்து மைல் பந்தயமாக இருந்திருந்தால் அத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். லாங்போட் அவருடைய பாய்ச்சலுக்குப் பதில் சொல்லவே இல்லை. தன் சீரான ஓட்டத்தை விடாமல் ஓடிக்கொண்டிருந்தார். எதிராளி பதற்றப்படாவிட்டால் ஷ்ரப்பின் உத்திக்கு வேலை இல்லை. அந்தப் பாய்ச்சல்களின் செலவு முழுவதும் அவர் தலையிலேயே விழுந்தது. பிற்பகுதியில் ஷ்ரப் நடக்கத் தொடங்கினார், ஓடினார், மறுபடி நடந்தார். முன்னிலை சுற்றுக் கணக்கில் கரைந்தது. 24ஆவது மைலை ஒட்டி லாங்போட் அவரைத் தாண்ட, ஷ்ரப் பாதையை விட்டு இறங்கிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஏப்ரல் 3 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஆறு பேர் மோதிய மாரத்தான் டெர்பி. ஷ்ரப், லாங்போட், டொராண்டோ, ஹேஸ், அமெரிக்காவின் மாட் மலோனி, அதிகம் பேர் அறியாத பிரெஞ்சுக்காரர் ஆன்ரி சென் ஈவ். முதல் பரிசு 5,000 டாலர். சென் ஈவ் எல்லாரையும் வீழ்த்தி 2 மணி 40 நிமிடச் சுமாரில் வென்றார். டொராண்டோ இரண்டாவது, ஹேஸ் மூன்றாவது. ஷ்ரப்பும் லாங்போட்டும் ஓட்டத்தை முடிக்கவே இல்லை. லாங்போட்டும் முடிக்கவில்லை என்பதை ஷ்ரப்பைக் குறை சொல்பவர்கள் சொல்வதில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேர்ப் பதில் இதோ. இருவரும் பத்து முறை மோதியிருக்கிறார்கள். இருபது மைலுக்குக் குறைவான பந்தயங்கள் அத்தனையிலும் ஷ்ரப் வென்றார். அதற்கு மேற்பட்ட தூரங்களில் லாங்போட் வென்றார். மாரத்தான்தான் மக்கள் மனசில் பதிந்த பந்தயம் என்பதால் லாங்போட்டின் வெற்றிகள் மட்டும் கதையாக நின்றுவிட்டன. அதற்காக லாங்போட்டைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. அவர் அற்புதமான மாரத்தான் ஓட்டக்காரர், அவரைப் பற்றி அன்றைய பத்திரிகைகள் எழுதிய இனவெறிச் சொற்கள் இன்றும் படிக்கக் கூசும். இருவரில் யார் பெரியவர் என்று கேட்டால், எத்தனை மைல் என்று திருப்பிக் கேட்பேன்.

இது மாதிரி ஒரு மோதல் முன்பும் நடந்திருக்கிறது. 1860களில் செனெகா பழங்குடியைச் சேர்ந்த டீர்ஃபுட் என்ற ஓட்டக்காரர் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து அங்குள்ள தொழில்முறைக்காரர்களோடு மோதினார். 1863இல் ஒரு மணி நேரத்தில் 11 மைல் 970 கெஜம் ஓடினார். மேலே சொன்ன ஜாக் வைட் அவரோடு மோதியவர்களில் ஒருவர். ஷ்ரப்பும் லாங்போட்டும் அந்தப் பழைய மரபின் கடைசித் தலைமுறை.

ஓட்டம் ஓய்ந்தபின் பயிற்சியாளர் வேலை. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக கிராஸ் கன்ட்ரி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தடகளக் கிளப்பின் பயிற்சியாளராகச் சில வருடங்கள். 1928இல் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள போமன்வில் என்ற சிறிய ஊருக்குக் குடிபோனார். காலை உணவுக்கான பார்லி தயாரித்த ஆலை ஒன்றும் அதையொட்டிய பொழுதுபோக்குப் பூங்காவும் அங்கே இருந்தன, அங்கேதான் வேலை பார்த்தார். எதிராளி லாங்போட் பிறந்த அதே மாகாணம். 1953இல், 73 வயதில், அவருக்கு அமெச்சூர் அந்தஸ்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். தடை போட்டு நாற்பத்தெட்டு வருடம் ஆகியிருந்தது. 1964 ஏப்ரலில் போமன்வில்லிலேயே காலமானார்.

அவருடைய சாதனைகள் எவ்வளவு காலம் நின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்தக் கணக்கையும் பலர் கேட்பதுண்டு. 10,000 மீட்டர் நேரத்தை பிரான்ஸின் ஜான் புவான் 1911இல் 30 நிமிடம் 58.8 விநாடி ஓடி முந்தினார். 1913இல் ஒரு மணி நேரத்தில் 19,021 மீட்டர் ஓடியதும் புவான்தான். அடுத்த வருடமே அவர் போர்க்களத்தில் இறந்தார். இரண்டு மைல் சாதனை 22 வருடம் நின்றது. 1926இல் ஸ்வீடனின் எட்வின் வீடே 9 நிமிடம் 1.4 விநாடியில் அதை உடைத்தார். பத்து மைல் சாதனை 24 வருடம். 1928இல் பெர்லினில் நூர்மி 50 நிமிடம் 15 விநாடி ஓடினார். ஆறு மைல் அதற்கும் மேல். 1930இல் லண்டனில் நூர்மிதான் அதையும் எடுத்தார், 29 நிமிடம் 36.4 விநாடி.

ஒரு மணி நேர ஓட்டத்தில் இன்றைய ஆண்கள் உலக சாதனை 2020இல் மோ ஃபரா ஓடிய 21,330 மீட்டர். அதே இரவு பிரசல்ஸில் சிஃபான் ஹசன் பெண்கள் சாதனையாக 18,930 மீட்டர் ஓடினார். அதற்கு முன்பிருந்த பெண்கள் சாதனை, 2008இல் எத்தியோப்பியாவின் டிரே டூனே ஓடிய 18,517 மீட்டர். ஐப்ராக்ஸின் சாம்பல் பாதையில் 1904இல் ஷ்ரப் ஓடிய 18,742 மீட்டர் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் வருகிறது.